பெப்சியின் தலைவியும் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும்

கூல் டிரிங்க்ஸ் பாட்டிலைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற ஒரு சித்த வைத்தியன், பெப்சி கம்பெனித் தலைவியைப் பற்றி எழுதுகிறானே என்று ஆச்சரியப்படாதீர்கள். காரணம் இருக்கிறது. இந்திரா நூயி என்ற சென்னைப் பெண்மணி 2006 முதல் 2018 வரை உட்கார்ந்திருந்த நாற்காலி சாதாரணமானதில்லை. உலகம் பூராவும் குழந்தைகள் எதைக் கொறிக்கிறார்கள், எதைக் குடிக்கிறார்கள் என்பதில் கை வைக்கிற நாற்காலி அது. அங்கே உட்கார்ந்துகொண்டு, சர்க்கரையைக் குறைப்போம், உப்பைக் குறைப்போம் என்று சொன்னார் அவர். சொன்னது நடந்ததா? நமக்கு வேண்டிய சங்கதி அதுதான்.

1955 அக்டோபர் 28-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா வங்கி அதிகாரி, தாத்தா ஓய்வு பெற்ற நீதிபதி. சாப்பாடு முடிந்ததும் அம்மா ஒரு போட்டி வைப்பாராம். 'நீ பிரதமரானால் என்ன செய்வே? பேசு பார்க்கலாம்' என்று இரண்டு மகள்களையும் பேச விடுவார். ஜெயித்தவருக்குப் பரிசும் உண்டு. தி.நகர் ஹோலி ஏஞ்சல்ஸ் பள்ளி, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகம், ரசாயனம், கணிதம். பிறகு கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் 1976-ல் நிர்வாகப் படிப்பை முடித்தார். கிரிக்கெட் ஆடினார், கல்லூரி இசைக்குழுவில் கிதார் வாசித்தார். நம்ம வீட்டுப் பெண் இப்படிச் செய்தால் அன்றைக்கு எத்தனை பேர் சும்மா இருந்திருப்போம், சொல்லுங்கள்!

வேலைக்குப் போன புதிதில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியில் அவரிடம் கொடுத்த பொறுப்பு, 'ஸ்டேஃப்ரீ' நாப்கினை இந்தியாவில் அறிமுகம் செய்வது. மாதவிலக்கு என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்ட 1970-கள்! விளம்பரம் செய்வதே பெரும்பாடு. கடைக்காரர் பேப்பரில் சுற்றித்தான் கொடுப்பார். பெண்களின் ஆரோக்கியத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இந்த வேலையை அவர் வாழ்க்கைக் கதை எழுதுகிற பலரும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ கோலாவைவிட இதுதான் பெரிய காரியமாகத் தெரிகிறது.

1978-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம். கையில் காசில்லை. ராத்திரி வரவேற்பாளராக வேலை பார்த்து, இன்டர்வியூவுக்குப் போக மலிவான சூட் ஒன்று வாங்கினார். அளவு பொருந்தவில்லை, எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். 'இந்தியாவாக இருந்தால் எதை உடுத்துவாய்?' என்று கேட்டார் அங்கே வழிகாட்டிய ஒருவர். புடவை என்றார் இவர். அப்படியானால் புடவையிலேயே போ என்றார் அவர். அடுத்த இன்டர்வியூவுக்குப் புடவையில் போனார், வேலை கிடைத்தது.

அதற்கப்புறம் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம். அங்கிருந்தபோது, 1983-ல் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஆறு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு எடுத்துக்கொள் என்றது நிறுவனம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். ஆனாலும் அந்த விடுப்பு கிடைத்திருக்காவிட்டால் வேலையையே விட்டிருக்க வேண்டியிருக்கும் என்று பின்னாளில் சொன்னார். நோயாளியைக் கவனிக்கிற மகள்கள், மருமகள்கள் படும் பாட்டை வைத்தியசாலையில் தினமும் பார்க்கிறவன் நான். இந்த ஒரு சலுகை எத்தனை வீடுகளில் எத்தனை மருந்தைவிட உபயோகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மோட்டரோலா, ஏ.பி.பி. என்று இரண்டு கம்பெனிகளைத் தாண்டி 1994-ல் பெப்சிகோவுக்கு வந்தார். வந்த மூன்றாவது வருஷமே, கம்பெனி கையில் இருந்த கே.எஃப்.சி., பீட்சா ஹட், டாகோ பெல் உணவகங்களைத் தனியாகப் பிரித்துவிட்டதில் அவருக்குப் பெரிய பங்கு. 1998-ல் டிராபிகானா பழச்சாறு 330 கோடி டாலருக்கு வந்தது. 2001-ல் 1,300 கோடி டாலருக்கு மேல் கொடுத்து குவேக்கர் ஓட்ஸ்.

கோலாக் கம்பெனிக்கு ஓட்ஸ் எதற்கு என்று கேட்கிறீர்களா? உண்மையில் அவர்கள் கண் வைத்தது குவேக்கரிடம் இருந்த 'கேட்டரேட்' என்ற விளையாட்டு வீரர்கள் பானத்தின் மேல். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 1965-ல், கால்பந்து ஆடி வியர்வையில் நனைகிறவர்களுக்காகத் தயாரித்த உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீர் அது. மைதானத்தில் இரண்டு மணி நேரம் ஓடுகிறவனுக்குச் சரி. சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிற பிள்ளைக்கு எதற்கு?

ஓட்ஸில் நல்ல குணம் உண்டு, மறுக்கவில்லை. அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவுகிறது. அமெரிக்க அரசே 1997-ல் பாக்கெட்டில் அப்படிப் போட அனுமதித்தது. ஆனால் சுடுதண்ணீர் ஊற்றியதும் கரைகிற, சர்க்கரையும் வாசனையும் சேர்த்த ஓட்ஸுக்கும் முழுசாக வேகவைக்கிற ஓட்ஸுக்கும் ரத்த சர்க்கரையில் வித்தியாசம் உண்டு. கஞ்சி என்றால் எல்லாம் ஒன்றாகிவிடாது.

2006 ஆகஸ்டில் இந்திரா நூயிதான் அடுத்த தலைமை நிர்வாகி என்று அறிவித்தார்கள். அதே மாதம் இங்கே என்ன கூத்து தெரியுமா? டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கூல் டிரிங்க்ஸில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று இரண்டாம் முறையாக அறிக்கை விட்டது. கேரளம் கோலா, பெப்சி இரண்டையும் தடையே செய்தது. அடுத்த மாதம் கோர்ட் தடையை நீக்கியது வேறு விஷயம். பிறந்த நாட்டில் கம்பெனிக்குக் கெட்ட பெயர், கையில் புதுப் பதவி. இப்படித்தான் தொடங்கினார்.

சரக்குகளை மூன்று வகையாகப் பிரித்தார். குஷிக்குச் சாப்பிடுகிறவை, கொஞ்சம் பரவாயில்லாதவை, உடம்புக்கு நல்லவை. முதல் வகையின் பங்கைக் குறைத்து மற்ற இரண்டையும் வளர்ப்பது திட்டம். அதற்காக உலக சுகாதார நிறுவனத்தில் புகையிலைக்கு எதிராக வேலை செய்த டெரெக் யாக் என்ற டாக்டரையே 2007-ல் கம்பெனிக்குள் அழைத்து வந்தார். 2010-ல் தேதி போட்டு இலக்கு வைத்தார்கள். முக்கிய நாடுகளில் விற்கிற சரக்கில் சோடியம் 2015-க்குள் கால் பங்கு குறைய வேண்டும். சேர்க்கிற சர்க்கரை 2020-க்குள் அதே அளவு குறைய வேண்டும். பள்ளிக்கூடங்களில் முழுச் சர்க்கரை பானங்கள் விற்பதை 2012-க்குள் உலகம் முழுக்க நிறுத்துவோம் என்றும் அறிவித்தார்கள்.

பாராட்ட வேண்டியதுதானே? ஆனால் அதே 2010-ல் அமெரிக்காவில் பெப்சி இரண்டாம் இடத்தை டயட் கோக்கிடம் இழந்தது. பங்குதாரர்கள் விடுவார்களா! தலைவி ஓட்ஸையும் ஜூஸையும் கட்டிக்கொண்டு அழுகிறார், அசல் பெப்சியை மறந்துவிட்டார் என்று கூச்சல். 2013-ல் நெல்சன் பெல்ட்ஸ் என்ற முதலீட்டாளர் கம்பெனியை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி மல்லுக்கு நின்றார். இவர் அசையவில்லை. 2006-ல் 3,500 கோடி டாலராக இருந்த வருஷ வியாபாரம் 2017-ல் 6,350 கோடி டாலரானது.

அந்த வியாபாரத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2017 முதல் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. இப்படிப்பட்ட வரிகளை எதிர்த்துப் பானக் கம்பெனிகளின் சங்கம் பணத்தைக் கொட்டியது. அந்தச் சங்கத்தில் பெப்சிகோவும் உண்டு. சர்க்கரையை நாங்களே குறைக்கிறோம், ஆனால் நீங்கள் குறைக்கச் சொல்லக் கூடாது! அந்த வருஷம் மார்ச்சில், ஜல்லிக்கட்டுப் போராட்ட அலை ஓய்வதற்குள், தமிழ்நாட்டு வணிகர் சங்கங்களும் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று அறிவித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இந்த அம்மாளை முன்மாதிரியாகக் கொள்ளும் பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. தினமும் நாலைந்து மணி நேரமே தூங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். அதை மட்டும் காப்பியடிக்காதீர்கள். இரவு விழிப்பு பித்தத்தைக் கிளப்பும் என்கிறது நம் வைத்தியம். தொடர்ந்து தூக்கம் கெட்டால் எடையும் சர்க்கரையும் ஏறும் என்கிறது இன்றைய ஆராய்ச்சி. தலைவர் பதவி தரப்போகிறார்கள் என்ற சேதியோடு ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தவரிடம், போய்ப் பால் வாங்கி வா என்றாராம் அம்மா. கணவர் எட்டு மணிக்கே வந்துவிட்டார், அவர் களைத்திருக்கிறார், அதனால் இவர் போக வேண்டும்! கிரீடத்தை கராஜிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்று வேறு சொன்னார். இதை எல்லோரும் அடக்கத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். ஒரு வைத்தியனாக நான் கேட்பது வேறு. எட்டு மணிக்கு வந்தவர் ஏன் பால் வாங்கப் போகக் கூடாது?

2018 அக்டோபரில் பதவி விலகினார். 2021-ல் பெப்சிகோ டிராபிகானாவின் பெரும்பங்கை விற்பதாக அறிவித்தது. வந்த தொகை, கூடவே வேறு சில ஜூஸ் வகைகளையும் சேர்த்து, வாங்கிய அதே 330 கோடி டாலர். ஜூஸ் மோகம் குறைந்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது. பழத்தைப் பிழிந்து நாரை வீசிவிட்டால் மிச்சம் சர்க்கரைத் தண்ணீர்தான். ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸில், 240 மில்லிக்கு, ஏறக்குறைய 22 கிராம் சர்க்கரை. 355 மில்லி பெப்சி டின்னில் 41 கிராம். ஒரு டீஸ்பூன் 4 கிராம் என்று வைத்தால் பத்து ஸ்பூன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஜூஸில் உள்ள சர்க்கரையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

'டாக்டர், நான் கோலா தொடுறதே இல்லை, வெறும் ஜூஸ்தான்' என்று என்னிடம் வந்து பெருமைப்படுகிற சர்க்கரை நோயாளிகளே, ஃபிரிட்ஜைத் திறந்து அந்தப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று போட்டிருப்பான். 200 மில்லி குடித்தால் அதை இரண்டால் பெருக்குங்கள், வருவதை நாலால் வகுத்தால் எத்தனை ஸ்பூன் என்று தெரிந்துவிடும். நம்ம சரக்கு என்று நன்னாரி சர்பத்துக்கும் சலுகை கொடுக்காதீர்கள். கடைக்காரர் ஊற்றுகிற அந்தப் பாகும் சர்க்கரைதான். ஆசையாக இருந்தால் நன்னாரி வேரைக் கழுவி, லேசாகத் தட்டி, ராத்திரி மண்பானைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் மணமாக இருக்கும், சும்மாவே குடிக்கலாம்.