பழைய காரின் பெற்றோல் செலவைக் குறைப்போம்

எமது கிராமங்களில் பழைய கார் ஓர் ஆடம்பரப் பொருளல்ல. நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதுதான்; விடியுமுன் வெங்காயச் சாக்கையும் கத்தரிக்காய்க் கூடையையும் சந்தைக்குச் சேர்ப்பதும் அதுதான். ஊரைவிட்டு எழுந்த வேளையில் பாயும் பானையும் கிழவரும் குழந்தைகளும் ஏறிவந்த வாகனம் பலருக்கு அதுவே. காரை வைத்திருப்பவருக்கும் அதில் வாடகை கொடுத்துப் போகின்றவருக்கும் இருக்கின்ற கவலை ஒன்றே. அதுதான் பெற்றோல்.

2022 ஜனவரியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல், அதே ஆண்டு ஜூன் 26ஆம் திகதி 470 ரூபாவானது. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது, காருக்கு வாரம் 20 லீற்றர் என அளந்து கொடுத்தார்கள். வரிசையில் நின்ற நாட்களில் ஒரு லீற்றரின் பெறுமதியை நாம் எல்லோரும் கற்றுக்கொண்டோம். கையிலுள்ள பழைய காரை அதே லீற்றரில் இன்னும் கொஞ்சத் தூரம் ஓட வைக்க முடியுமா? முடியும். ஆனால் அதற்குக் கடையில் விற்கும் மாயப் பெட்டி எதுவும் தேவையில்லை. வீணாகப் போகின்ற இடங்களைக் கண்டு அடைப்பதே வழி.

மண்ணெண்ணெய்க் காலம் கற்பித்த பாடம்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்போது ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற கார்களை எம்மவர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மெசினை இயக்கியவர்களுக்கு இது புதிதல்ல. மண்ணெண்ணெய் குளிரில் இலகுவில் ஆவியாகாது, சூட்டிலேயே ஆவியாகும். இங்கிலாந்தில் 1949இல் வந்த பெர்குசன் ரி.ஈ.டி. 20 உழவு இயந்திரமும் இதே முறையில், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் உழுதது.

ஏ 40 போன்ற பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் அது பத்துக்கு ஒன்று அல்லது அதற்கும் மேல். ஆகவேதான் பழைய கார்கள் அந்த மட்டமான எரிபொருளைத் தாங்கின. எனினும் சும்மா தாங்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்தது, உள்ளே கரி படிந்தது, தெருவெல்லாம் புகை. வேறு வழியில்லாத காலத்தில் அது கெட்டித்தனம். பெற்றோல் கிடைக்கும் காலத்தில் அது எஞ்சினைத் தின்னும் வேலை. அன்று எரிபொருளை மாற்றினோம். இன்று எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டும். இரண்டும் வேறு.

முதலில் அளந்து பாருங்கள்

எந்த ஆணியையும் திருப்புமுன் ஒரு கொப்பியை எடுங்கள். பெற்றோல் ராங்கியை ஓர் அடையாளம் வரை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறியுங்கள். அடுத்த முறை அதே அடையாளம் வரை நிரப்ப எத்தனை லீற்றர் பிடித்தது என்று எழுதுங்கள். தூரத்தை லீற்றரால் வகுத்தால் விடை வரும். ஒருமுறை பார்த்தது போதாது. மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். தூரம் காட்டும் மீற்றர் பழுதென்றால் வீதியோரக் கிலோமீற்றர்க் கற்களை எண்ணுங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கார் வாரம் 100 கிலோமீற்றர் ஓடுகின்றது. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் கொடுக்கின்றது. வாரத்துக்கு 10 லீற்றர். இதை 12 கிலோமீற்றராக உயர்த்தினால் வாரத்துக்கு எட்டரை லீற்றருக்கும் குறைவாகவே தேவைப்படும். ஆண்டு முடிவில் 86 லீற்றருக்கு மேல் மிச்சம். அன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். விதை வெங்காயத்துக்கும் பிள்ளைகளின் கொப்பி புத்தகத்துக்கும் உதவக்கூடிய பணம் அது.

பெற்றோல் எங்கே போகின்றது?

பழைய காரில் நாம் ஊற்றும் பெற்றோலின் சக்தியில் கால்வாசி கூடச் சில்லைச் சேர்வதில்லை. பெரும்பகுதி ரேடியேற்றர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகின்றது. சில்லைச் சேரும் சொற்பமும் மூன்று வழிகளில் செலவாகின்றது: ரயர் உருளும்போது ஏற்படும் தடை, காற்றின் எதிர்ப்பு, பிறேக் போடும்போது இழக்கும் வேகம். குன்றும் குழியுமான கிராமத்து ஒழுங்கைகளில் ரயரும் பிறேக்குமே பெரிய செலவாளிகள். ஏ 9 போன்ற நெடுஞ்சாலையில் காற்று முந்திவிடும். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும்.

கையில் காசில்லாமலே செய்யக்கூடியவை

ரயருக்குக் காற்று: காருக்கான கைநூல் சொல்லும் அளவுக்குக் காற்றை வைத்திருங்கள். நான்கு ரயரிலும் 10 றாத்தல் குறைந்தால் ஏறக்குறைய 2 வீதம் பெற்றோல் கூடுதலாகப் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு. ரயரும் விரைவில் தேயும்.

பிடிக்கும் பிறேக்: நாலைந்து கிலோமீற்றர் ஓடி நிறுத்தியபின் நான்கு சில்லுகளின் நடுப்பகுதியையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கூடிய சூடாக இருந்தால் அந்தச் சில்லில் பிறேக் விடாமல் உரசுகின்றது, அல்லது பெயாரிங் பழுது. இந்தச் சில்லை இழுப்பதற்காகவும் நீங்கள் பெற்றோல் ஊற்றுகின்றீர்கள்.

பாரம்: பின்பெட்டியில் கிடக்கும் பழைய இரும்பையும் தேவையற்ற சாமானையும் இறக்குங்கள். 45 கிலோ பாரம் கூடினால் ஏறக்குறைய ஒரு வீதம் செலவு கூடும். கூரைமேல் கட்டும் பெரிய சாமான், நெடுஞ்சாலை வேகத்தில் 6 முதல் 17 வீதம் வரை தின்றுவிடும். சாமான் ஏற்றாத நாளில் கரியரைக் கழற்றி வையுங்கள்.

எயர் கிளீனர்: இன்றைய ஊசிமுறை எஞ்சின்களில் தூசு அடைத்த எயர் கிளீனரால் பெற்றோல் செலவு கூடுவதில்லை. காபரேற்றர் உள்ள பழைய காரில் கூடும். செம்மண் தூசியில் ஓடும் எமது கார்களில் இதை அடிக்கடி துப்புரவு செய்ய வேண்டும்.

கராஜில் பார்க்க வேண்டியவை

மொறிஸ் மைனரை உதாரணமாக எடுப்போம். 1948 முதல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட இக்கார் இன்றும் எமது தெருக்களில் ஓடுகின்றது. இதன் பிளக் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு. பொயின்ற் இடைவெளி 14 முதல் 16 பங்கு. பொயின்ற் தேய்ந்தால் பொறி விழும் நேரமும் மாறும், எஞ்சின் இழுக்காது, ஓட்டுநர் அக்சிலேற்றரை மேலும் அழுத்துவார். பொயின்றுக்குப் பதிலாக மின்னணுப் பொறிமுறை பூட்டினால் இந்தத் தேய்வு இல்லை.

பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். கரியாக இருந்தால் பெற்றோல் கூட, வெளுத்திருந்தால் குறைவு, மெல்லிய மண்ணிறமே சரியானது. இக்காரின் எஸ்.யூ. காபரேற்றரில் இன்னொரு சோதனையும் உண்டு. எஞ்சின் சூடாகி மெதுவாக ஓடும்போது காபரேற்றரின் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. எஞ்சின் தடுமாறி நின்றுபோனால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் சற்றுக் கூடிப் பின் பழைய நிலைக்கு வந்தால் அளவு சரி. கீழுள்ள நட்டை ஒரு முறைக்கு ஒரு பக்கம், அதாவது ஆறில் ஒரு சுற்று, மட்டும் திருப்பிச் சோதிக்க வேண்டும். சோக் கம்பி இறுகி முழுதாகத் திரும்பாமல் நிற்கின்றதா என்பதையும் பாருங்கள். பாதி இழுபட்ட சோக் நாள் முழுவதும் பெற்றோலைக் குடிக்கும்.

எமது மெக்கானிக்மார் பலர் எஞ்சின் கொதிக்கின்றது என்று தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். அது இல்லாத எஞ்சின் சூடேற நெடுநேரம் எடுக்கும். குளிர்ந்த எஞ்சின் கூடக் குடிக்கும், கூடத் தேயும். கொதிப்புக்குக் காரணம் பெரும்பாலும் அடைத்த ரேடியேற்றர். அதைத் துப்புரவு செய்து, தேர்மோஸ்ரற்றைத் திரும்பப் பூட்டுங்கள்.

காசு செலவழித்துச் செய்யும் மாற்றங்கள்

ரயர் மாற்றும் காலம் வந்தால், பழைய குறுக்கிழை ரயருக்குப் பதில் அளவு பொருந்தும் ரேடியல் ரயர் போடுங்கள். அது இலகுவாக உருளும். 948 சி.சி. மொறிஸ் மைனரின் டிபரன்சல் விகிதம் 4.55, பின்னர் வந்த 1098 சி.சி. காரினது 4.22. பின்னையதைப் பூட்டினால் அதே வேகத்தில் எஞ்சின் 7 வீதம் குறைவாகச் சுற்றும். வன்னியின் சமதரைக்கு இது பொருந்தும். பாரம் ஏற்றி மலையேறும் காருக்குப் பொருந்தாது. இதைச் செய்தபின் தூர மீற்றரும் 7 வீதம் குறைத்தே காட்டும் என்பதை மறவாதீர்கள். இல்லாவிட்டால் கொப்பிக் கணக்குப் பிழைத்துவிடும்.

ஜப்பான் எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் பூட்டுவோரும் உளர். பயன் உண்டு, செலவும் பெரிது. கடன்பட்டுச் செய்யுமுன், மிச்சமாகும் பெற்றோலால் அக்கடன் எத்தனை ஆண்டில் அடைபடும் என்று கணக்கிடுங்கள். எஞ்சின் மாற்றத்தை வாகனப் பதிவிலும் மாற்ற வேண்டும். பழைய பிறேக் புதிய எஞ்சினின் வேகத்தைத் தாங்குமா என்பதும் பார்க்க வேண்டியதே.

ஏமாறாதிருப்போம்

பெற்றோல் குழாயில் கட்டும் காந்தம், ராங்கியில் போடும் குளிசை, தண்ணீரிலிருந்து ஐதரசன் எடுக்கும் போத்தல் என்பன விலை ஏறும் போதெல்லாம் விற்பனைக்கு வரும். அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் இவ்வாறான 100க்கும் மேற்பட்ட பொருட்களை ஆராய்ந்தது. பெரும்பாலானவற்றால் ஒரு பயனும் இல்லை. காரணம் எளிது. சீரான எஞ்சினில் பெற்றோல் ஏறக்குறைய முழுவதுமே எரிந்துவிடுகின்றது, இழப்பு வெப்பத்தில்தான். ஐதரசன் எடுக்க வேண்டிய மின்சாரத்தையும் அதே எஞ்சின்தான் உண்டாக்க வேண்டும். கிடைப்பதைவிடக் கொடுப்பதே அதிகம்.

மிச்சம் பிடிக்கும் ஆசையில் மூன்றைச் செய்யாதீர்கள். காபரேற்றரில் பெற்றோலை மிதமிஞ்சிக் குறைத்தால் வால்வு கருகும்; மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு கராஜுக்குப் போகும். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி உருட்டினால், எஞ்சினின் பிடியும் இல்லாமல் பிறேக்கை மட்டும் நம்ப வேண்டிவரும். பெற்றோலைக் கானில் நிரப்பி ஓலைக் கொட்டிலுக்குள்ளும் தகரக் கொட்டிலுக்குள்ளும் வைத்தால், அடுப்பு நெருப்புக்கும் குப்பி விளக்குக்கும் ஒரு கணம் போதும், குடும்பமே பறிபோகும்.

ஓட்டுபவரின் காலும் ஊரவரின் ஒற்றுமையும்

திடீரென விரைந்து திடீரென நிறுத்தும் ஓட்டம், நின்று நின்று போகும் தெருவில் 10 முதல் 40 வீதம் வரை பெற்றோலை வீணாக்கும். மேலே சொன்ன எந்த மாற்றமும் இதற்கு ஈடல்ல. முன்னே வளைவையோ மாட்டையோ கண்டால், தூரத்திலேயே அக்சிலேற்றரிலிருந்து காலை எடுங்கள். நெடுஞ்சாலையில் மணிக்கு 50, 60 கிலோமீற்றரில் சீராகப் போங்கள். சந்தை வாசலில் எஞ்சினை ஓடவிட்டுக் கதைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். சிறிய எஞ்சினே மணிக்கு அரை லீற்றர் அளவில் எரித்துவிடும்.

இவற்றைவிட இலகுவான வழியும் ஒன்றுண்டு. மூன்று குடும்பங்கள் மூன்று நாட்களில் தனித்தனியே சந்தைக்குப் போனால் மூன்று பயணம். நாளைப் பேசி ஒன்றாகப் போனால் ஒரே பயணம். பெற்றோல் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. எந்த எஞ்சினும் எந்த மெக்கானிக்கும் தரமுடியாத சேமிப்பு இது. குடியேறிய புதிய இடத்தில் அயலவர் இன்னும் அந்நியராக இருக்கலாம். ஒரே காரில் சந்தைக்குப் போய்வருவது உறவுக்கும் தொடக்கமாகும்.

எனவே உங்கள் கிராமச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஊரிலுள்ள கார்களுக்கு ஒரு கொப்பி வையுங்கள். முதல் மாதம் அளவை மட்டும். இரண்டாம் மாதம் காற்று, பிறேக், எயர் கிளீனர். மூன்றாம் மாதம் பிளக், பொயின்ற், காபரேற்றர். ஒவ்வொரு மாதமும் கணக்கை எல்லோர் முன்னும் வாசியுங்கள். எது பயன் தந்தது, எது தரவில்லை என்பதை எவருடைய விளம்பரமும் சொல்லத் தேவையில்லை. உங்கள் கையெழுத்தே சொல்லும்.