பெடல் என்ன செய்கிறது என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்

‘பிரேக் சரியா பிடிக்கலை’ என்று மட்டும் சொல்லி காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், மெக்கானிக்கின் கை முதலில் பேடுக்குத்தான் போகும். பேடு தேய்ந்திருந்தால் சரி. ஆனால் பெடல் கோளாறுகளில் பல, பேடோடு சம்பந்தமே இல்லாதவை. எது என்று உங்கள் காலே ஓரளவு கண்டுபிடித்துவிடும்.

நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், எங்கோ ஆயில் கசிகிறது. டப்பாவில் ஆயில் குறையவில்லை என்றால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர்கள் மேல். ‘மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்’ என்ற பேச்சே வேண்டாம். டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். கோளாறு தெரிந்தே ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவின் கீழ் 1,500 ரூபாய் அபராதம். அதனால் விபத்து நடந்து யாருக்காவது அடிபட்டால் மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு.

பெடல் பஞ்சு போல் அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்ததும் மேலே வந்தால், லைனில் காற்று புகுந்திருக்கலாம். பின்சக்கர டிரம்மில் ஷூ தேய்ந்திருந்தாலும் மிதிக்க மிதிக்க மேலே வரும்.

மலைப்பாதையில் மட்டும் பெடல் தொய்கிறதா? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரம் ஏறியதற்கான வரம்பு 155 டிகிரிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஏறும்போது போடும் கியரிலேயே இறங்குவதும், மேனுவல் சொல்லும் காலத்தில் (பல கார்களுக்கு இரண்டு ஆண்டு) ஆயிலை மாற்றுவதும்தான் வழி. ஆயில் மாற்றப் பெரிய செலவில்லை. ஆனாலும் பலர் மறப்பது இதைத்தான்.

பெடல் மிதிக்கவே முடியாமல் இறுகிவிட்டால் பூஸ்டரைப் பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, இறுகும் வரை மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ அதன் வேக்குவம் குழாயிலோ கோளாறு. பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைப்பவர்களுக்கும் இதே கதிதான்: சில மிதிகளுக்குப் பிறகு பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும். திடீர் பிரேக்கில் மட்டும் பெடல் அதிர்ந்தால் பயப்பட வேண்டாம், அது ஏபிஎஸ் வேலை செய்வது, காலை எடுக்காதீர்கள். சாதாரண பிரேக்கிலும் அதிர்ந்தால் டிஸ்க்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆக, ஜாப் கார்டில் ‘பிரேக் செக்’ என்று எழுத விடாதீர்கள். ‘அழுத்திப் பிடித்தால் பெடல் இறங்குகிறது’ என்றே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேளுங்கள். பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனியாகப் போட்ட பில்லை வாங்குங்கள். வாரண்டியில் பேடு பொதுவாக வராது. மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் வரும். அதனால் எது போனது என்று எழுத்தில் இருப்பது உங்களுக்குக் காசு.

பணம் வாங்கியும் கோளாறு தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அங்கும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஒரே மாடலில் பலருக்கும் இதே கோளாறு என்றால், கம்பெனி திரும்ப அழைத்திருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். அழைத்திருந்தால் அந்த வேலைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.