வெயில் ஏறியதும் நின்றுபோகும் பழைய டிராக்டர்: காரணமும் பரிகாரமும்

சித்திரையில் ஒரு மழை விழுந்துவிட்டால் மேலூர், திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டி வட்டாரங்களில் கோடை உழவு தொடங்கிவிடும். கத்திரி வெயிலில் மண்ணின் ஈரம் சில நாட்களே நிற்கும். அதற்குள் உழுதாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பழைய டிராக்டர் மக்கர் செய்கிறது. காலையில் நன்றாக ஓடுகிறது. பத்து மணிக்கு மேல் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. ஒரு மணி நேரம் நிழலில் கிடந்தால் மறுபடி புறப்படுகிறது.

டாபே நிறுவனம் 1960-இல் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் மதுரை மாவட்டம் கல்லுப்பட்டியிலும் அதன் தொழிற்சாலை ஏற்பட்டது. இரண்டு மூன்று கை மாறிய மாஸ்ஸி பெர்குசன் வண்டிகளை இப்பகுதியில் இன்றும் காணலாம். எந்தக் கம்பெனி வண்டியானாலும் வெயிலில் நிற்பதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் ஒன்றே.

டீசல் ஆவியாவதில்லை

'வெயிலில் டீசல் ஆவியாகி வண்டி நிற்கிறது' என்று பலர் நினைக்கிறார்கள். இது சரியல்ல. பெட்ரோல் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கும். பழைய பெட்ரோல் ஜீப்புகள் வெயிலில் நிற்பதற்கு அது ஒரு காரணம். டீசலோ 150 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஆகவே டீசல் டிராக்டர் நின்றால் வேறு இடத்தில் கோளாறு தேட வேண்டும்.

முதலில் டேங்க் மூடி

செலவில்லாத சோதனை இது. டேங்க் மூடியில் காற்று புக ஒரு சிறு துவாரம் உண்டு. உழவுப் புழுதியும் டீசல் பிசுக்கும் சேர்ந்து அது அடைத்துவிட்டால், டீசல் குறையக் குறைய டேங்கினுள் வெற்றிடம் உண்டாகும். டீசல் இறங்காது, வண்டி நிற்கும். நின்றவுடன் மூடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் இதுவே காரணம். மூடியைக் கழுவி, துவாரத்தை மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் போதும். என்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கம்பி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

ஃபில்டரும் காற்றுப் பிடிப்பும்

என்ஜின் ஒரே சீராக ஓடாமல் ஏறி இறங்கி நின்றால் ஃபில்டர் அடைப்போ, குழாயில் காற்றுப் பிடிப்போ இருக்கலாம். பீப்பாயில் வைத்த டீசலில் அடியில் தண்ணீரும் கசடும் தங்கும். ஆகவே அடிவரை கவிழ்த்து ஊற்றக் கூடாது. ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். துணி ஃபில்டரைச் சுத்தமான டீசலில் கழுவலாம்; காகித ஃபில்டரைக் கழுவாமல் மாற்றிவிட வேண்டும்.

டேங்குக்கும் பம்ப்புக்கும் இடையே வாசர் தேய்ந்தாலும் நட்டு தளர்ந்தாலும் காற்று உள்ளே புகும். வெளியே ஒரு சொட்டு டீசல்கூடக் கசியாமல் இருக்கலாம். காற்றை எடுக்க, ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அடிக்க வேண்டும். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் திருகை முடுக்கிவிட வேண்டும். அடுத்து இரண்டாம் ஃபில்டர், பிறகு டீசல் பம்ப் என்று வரிசையாகச் செய்ய வேண்டும். கடைசியில் நாசில் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் வந்தபின் முடுக்கலாம். அந்த இடத்தில் கையை நீட்டக் கூடாது. அதிக அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

சூட்டில் மட்டும் புறப்படாத வண்டி

குளிர்ந்தால் உடனே புறப்படுகிறது, சூட்டில் எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் புறப்படவில்லை என்றால் டீசல் பம்ப் தேய்ந்திருக்கலாம். சூட்டில் டீசல் நீர்த்துப்போகும். தேய்ந்த பாகங்களின் இடுக்கில் அது கசிந்து, நாசிலுக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காமல் போகும்.

என்ஜின் நின்றிருக்கும்போது பம்ப்பின்மேல் ஈரச் சாக்கைச் சிறிது நேரம் போட்டு, பிறகு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். புறப்பட்டால் சந்தேகம் உறுதியாகும். ஆனால் ஓடும் என்ஜினின் சூடான பம்ப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெளிக்கூடு சட்டென்று சுருங்கி உள்ளே சுழலும் பாகத்தைப் பிடித்துவிடும். தேய்ந்த பம்ப்பைப் பம்ப் வேலை தெரிந்த பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். பல பம்ப்புகளுக்கு டீசலே மசகு எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்தால் தேய்மானம் விரைவில் வரும்.

தண்ணீர் கொதித்தால்

சூட்டு முள் சிவப்புக்குப் போனால் உழவை உடனே நிறுத்த வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தால், பளு இல்லாமல் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைக்கலாம். ஃபேன் பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் வடிந்திருந்தாலோ, ஆயில் அழுத்தம் விழுந்திருந்தாலோ அக்கணமே அணைக்க வேண்டும். தாமதித்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிறகு என்ஜினையே பிரிக்க நேரிடும்.

சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகமும் கையும் வெந்தவர்கள் உண்டு. கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கக்கூடும்.

ரேடியேட்டர் இடுக்குகளில் தூசியும் வைக்கோல் துணுக்கும் அடைவது சாதாரணம். விசிறிப் பக்கமிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே காரை படிந்து சூடு வெளியேறாது. மழைத் தண்ணீரோ, கூலண்ட் கலந்த நல்ல தண்ணீரோ ஏற்றது. பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்க வேண்டும்.

கரும்புகை வந்தால்

கரும்புகை தள்ளி இழுவை குறைந்தால் ஏர் கிளீனரைப் பார்க்க வேண்டும். கரிசல் புழுதியில் உழும் நாட்களில் அதன் எண்ணெய்ச் சட்டியைத் தினமும் திறந்து பார்ப்பது நல்லது. எண்ணெய் சேறாகியிருந்தால் மாற்றி, குறி வரை மட்டுமே ஊற்ற வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டுவது எளிது. அதைக் கண்டு முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. நடுப்பகலில் ஒரு மணி நேரம் கலப்பை பூட்டி ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். உடனே புறப்பட்டால்தான் விலை பேசலாம்.

முதல் மழைக்கு முன்பே ஃபில்டர், பெல்ட், ரேடியேட்டர் மூன்றையும் பார்த்துவைப்பது நல்லது. உழவை விடியற்காலையில் தொடங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் நிறுத்தினால் வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் சேதமில்லை. மழை தந்த ஈரமும் வீணாகாது.