குறி தப்புகிறதா... கோளாறு கண்ணிலா, ட்ரிக்கரிலா?

மெரினாவிலோ திருவிழாவிலோ பலூன் சுட்டவர்களுக்கு இது தெரிந்த அனுபவம்தான். குறி சரியாக இருக்கும். ஆனால், ட்ரிக்கர் இழுக்க இழுக்க வராது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழு இழுத்தால் 'டப்'பென்று சத்தம் வரும். பலூன் அப்படியே ஆடிக்கொண்டிருக்கும். 'கண்ணாடி போடுப்பா' என்று உடன் வந்தவர்கள் கேலி செய்வார்கள். பாவம், கண் என்ன செய்யும்?

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் குழலை மடக்கும்போது உள்ளே கனமான ஸ்பிரிங் ஒன்று அமுங்குகிறது. அது தள்ளும் பிஸ்டனை 'சியர்' என்ற சின்னக் கொக்கி பிடித்து நிறுத்துகிறது. ஸ்பிரிங்கின் மொத்த பலமும் அந்தக் கொக்கியின் நுனியில்தான். மலிவான துப்பாக்கிகளில் விரல் நேரடியாக இந்தக் கொக்கியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்தக் கனமும் கரகரப்பும்.

ஜெர்மனியின் வைரௌக் நிறுவனம் 1950-களில் கொண்டுவந்த 'ரெக்கார்ட்' ட்ரிக்கர் இதற்கு அழகான பதில். நெம்புகோல்கள் அடுத்தடுத்து பளுவைத் தாங்கிக்கொள்ள, விரலுக்குக் கொஞ்சமே மிஞ்சும். முதலில் லேசாக நகரும், பிறகு சுவரில் முட்டியதுபோல நிற்கும். அங்கிருந்து ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவுதான். இன்றும் அதற்கு ரசிகர்கள் உண்டு.

சாதாரண துப்பாக்கி வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்? முதல் வைத்தியம் பொறுமை. புதுத் துப்பாக்கியில் சில நூறு பெல்லட்டுகள் சுட்டாலே, உரசும் பாகங்கள் ஒன்றுக்கொன்று பழகி மென்மையாகும். உரசும் இடத்தில் துளி மாலிப்டினம் கிரீஸ் தடவினால் இன்னும் மாற்றம் தெரியும். ஆனால், அதற்காக வீட்டில் பிரிக்கக் கூடாது. சுடாத நிலையிலும் ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கும். திறந்ததும் பாய்ந்து வரும். பழகிய மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

ட்ரிக்கரில் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ இருந்தால், கையேட்டைப் பார்த்துக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாதீர்கள். திருப்பிய பிறகு பெல்லட் போட்டு, இலக்குத் தடுப்பை நோக்கிப் பிடித்துக்கொண்டு, ட்ரிக்கரைத் தொடாமல் பின்கட்டையைக் கையால் தட்டிப் பாருங்கள். வெடித்தால் ஸ்க்ரூவைப் பழையபடி திருப்பிவிட வேண்டும்.

சிலர் அரத்தை எடுத்துக்கொண்டு சியரைத் தேய்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். விபரீதம் இங்கேதான் ஆரம்பம். பல சியர்களில் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அது தேய்ந்தால் உள்ளே மென்மையான இரும்பு. கொக்கி எப்போது வேண்டுமானாலும் நழுவலாம். குழலை மடக்கி, விரலால் பெல்லட்டை வைக்கும் நேரத்தில் நழுவினால், குழல் படாரென மேலே வந்து விரலை நசுக்கிவிடும். நல்ல ட்ரிக்கராகவே இருந்தாலும், பெல்லட் போடும்போது மறு கை குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். பிள்ளைகளிடம் துப்பாக்கியைக் கொடுக்கும் முன் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் இது.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் 10 மீட்டர் போட்டியில் பயன்படுத்தும் ரைஃபிளில் இந்தத் தொல்லையே இல்லை. அதில் அழுத்தப்பட்ட காற்று சிலிண்டரில் இருக்கிறது, ஸ்பிரிங் கிடையாது. ஏர் பிஸ்டல் ட்ரிக்கருக்குக் குறைந்தது 500 கிராம் எடை வேண்டும் என்கிறது சர்வதேச விதி. ரைஃபிளுக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை. அங்கே 10 புள்ளி தரும் வட்டத்தின் விட்டமே 0.5 மி.மீ. தான்!

ஸ்பிரிங் ரைஃபிளில் பெல்லட் குழலைத் தாண்டுவதற்குள் பிஸ்டன் துப்பாக்கியை ஓர் ஆட்டு ஆட்டிவிடும். எனவே, இறுக்கிப் பிடிக்காமல் கையில் சும்மா தாங்கி, விரல் நுனிச் சதையால் நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். சத்தம் வந்த பிறகும் ஒரு நொடி அசையக் கூடாது.

பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பழகுவதும் இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. எதிர்த்துத் தாங்கும் காற்று இல்லாததால் பிஸ்டன் முழு வேகத்தில் போய் மோதும். ஸ்பிரிங்கும் சீலும் சீக்கிரமே பழுதாகும்.