சபலத்துக்கு மன்னிப்பு... காதலுக்குக் கழுமரமா?

ஏனுங்க, உங்க இயர்போன்ல இப்ப ஓடுற பாட்டுல யாராச்சும் 'ஐயோ, மயங்கிட்டேனே'ன்னு உருகிட்டு இருக்காங்களா? அந்த உருகலோட தாத்தா பொறந்தது நம்ம கோயமுத்தூர்லதாங்க!

1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவுல எடுத்த படம். ஹீரோ, அன்றைய சூப்பர் ஸ்டார் எம்.கே.தியாகராஜ பாகவதர். கதைப்படி வீட்டுல மனைவி இருக்கும்போதே ரம்பாங்கிற நாட்டியக்காரிகிட்ட கிறங்கிடுறார். பாபநாசம் சிவன் எழுதின 'மன்மத லீலை' பாட்டு வர்ற இடம் இதுதான். சாருகேசி ராகம், டி.ஆர்.ராஜகுமாரியோட டான்ஸ்... தியேட்டரே ஆடிப்போச்சு!

பாட்டோட லாஜிக் என்ன தெரியுமா? 'தப்பு என்மேல இல்லீங்க, எல்லாம் மன்மதன் வேலை!' வழுக்கி விழுந்தவருக்குப் பாட்டே வக்கீல்!

ஹரிதாஸ் சொத்தை இழக்கிறார், கால்களை இழக்கிறார். அப்புறம் திருந்தி, பெத்தவங்களுக்குச் சேவை செய்ய, கால்களும் திரும்பக் கிடைக்குது. மன்னிப்பு ஓகே! சென்னை பிராட்வே தியேட்டர்ல இந்தப் படம் மூணு தீபாவளி பார்த்துச்சு. படம் சொல்ல வந்தது தாய் தந்தை பெருமையை. ஆனா 1976-ல கே.பாலசந்தரும் 2022-ல வெங்கட் பிரபுவும் தங்களோட படத்துக்கு எடுத்துக்கிட்ட பேரு? அதேதான்... 'மன்மத லீலை'!

இப்ப இன்னொரு கோவைத் தயாரிப்பைப் பார்ப்போம். ஸ்ரீராமுலு நாயுடுவோட பட்சிராஜா பிலிம்ஸ் 1941-ல கொடுத்த 'ஆர்யமாலா'. பி.யு.சின்னப்பாதான் காத்தவராயன். கூத்துலயும் கதைப்பாட்டுலயும் காலங்காலமா பாடுற கதை. காவல்காரன் காத்தவராயன், அந்தணர் வீட்டு ஆர்யமாலா மேல ஆசைப்படுறான். கிடைச்சது என்ன? கழுமரம்! அப்புறம் அவனையே சாமியாக்கிக் கும்பிடுறோம்.

கவனிச்சீங்களா? கட்டின மனைவியை ஏமாத்தினா அது சபலம், மன்னிச்சிடலாம். சாதி தாண்டி ஆசைப்பட்டா உயிரே போகணும். ரெண்டையும் 'கூடாத காதல்'னு ஒரே மூட்டையில கட்டிட்டோம்.

பழைய கதைன்னு தள்ளிடாதீங்க. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. சாதி மாறிக் கல்யாணம் பண்ணின சங்கரைப் பட்டப்பகல்ல, நடுரோட்டுல வெட்டிக் கொன்னாங்க. என்னை மாதிரியே அவரும் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட். வெட்டுப்பட்டுப் பிழைச்ச மனைவி கௌசல்யா, அப்புறம் சாதிக்கு எதிரா மேடை ஏறினாங்க. வயசு வந்த ரெண்டு பேர் விரும்பிக் கல்யாணம் பண்ணிக்க குடும்பமோ சாதியோ சம்மதிக்கணும்னு அவசியமில்லைன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு.

அதுக்காகப் பாட்டைத் தடை பண்ணுங்கன்னு சொல்லலீங்க. தாராளமா கேளுங்க, ஆடுங்க! ஆனா அடுத்த தடவை பாட்டுல 'கூடாத காதல்' வந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 'கூடாது'ன்னு சொன்னது யாரு? ஏமாந்து நிக்கிற மனைவியா, வேலி போட்ட ஊரா?

மனைவின்னா, அவங்க பக்கமும் ஒரு பாட்டு வேணும். ஊருன்னா... வேலியைத்தாங்க பிரிக்கணும்!