பழைய டர்போ வாகனத்துக்கு இன்ஜெக்டர் மாற்றினால் டீசல் மிஞ்சுமா?

சுன்னாகம் சந்தைக்குச் சரக்கு ஏற்ற வரும் வான், லொறிக்காரர்கள் மத்தியில் சில வருடங்களாக ஒரு பேச்சு அடிபடுகிறது. இன்ஜெக்டர் செட்டை மாற்றிப் போட்டால் லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் கூட ஓடும் என்பதே அது. பேச்சு சும்மா வரவில்லை. 2021 டிசம்பர் கடைசியில் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், 2022 ஜூன் 26ஆம் திகதி 460 ரூபாவுக்கு ஏறியது. அதற்கு முன்னரே, 2020 மார்ச்சில், வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவும் சிறு வியாபாரிக்கு எட்டாத வரியோடு. ஆகவே இருக்கிற பழைய டவுன்ஏஸையும் கே.டி.எச். வானையும் வைத்தே காலத்தை ஓட்ட வேண்டியவர்களாக இருக்கிறோம்.

கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இன்ஜெக்டர் பழுதாகி டீசல் வீணாகிக் கொண்டிருந்தால், மாற்றுவதால் அந்த வீண் செலவு நிற்கும். நல்ல நிலையில் இருக்கும் இன்ஜெக்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் போட்டால் ஒரு சதமும் மிஞ்சாது. சில வேளை என்ஜினும் மிஞ்சாது.

இன்ஜெக்டரின் வேலை டீசலைப் பனிபோலத் தூவுவது. பழைய 2சி டர்போ, 2எல் டர்போ போன்ற என்ஜின்களில் பம்ப் அனுப்பும் அழுத்தம் ஏறத்தாழ 150 பாரை எட்டும்போது உள்ளே உள்ள ஊசி ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு எழும்பும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் அளவுதான் என்றால் இந்த அழுத்தத்தை விளங்கிக் கொள்ளலாம். ஊசிக்கும் அது ஓடும் துளைக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கு. தலைமயிரின் தடிப்பு அதைவிடப் பல மடங்கு. காலப்போக்கில் ஸ்பிரிங் தளரும், ஊசியின் நுனி தேயும். அப்போது டீசல் பனியாகப் பறக்காமல் குழாயில் சொட்டுவதுபோல் ஒழுகும். ஒழுகிய டீசல் முழுதாக எரிவதில்லை. ஏற்றத்தில் கரும்புகை, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வெண்புகையும் டக் டக் சத்தமும், என்ஜின் ஒயிலில் டீசல் மணம் என்று இதன் அறிகுறிகள் வெளியே வரும்.

டர்போ இல்லாத என்ஜின் இந்தக் கோளாறைக் கொஞ்ச நாள் தாங்கும். டர்போ என்ஜினில் காற்றும் டீசலும் கூடுதலாகப் போகின்றன, சூடும் கூட. ஒரு சிலிண்டரில் மட்டும் ஒழுகல் இருந்தால் சூடு அந்தப் பிஸ்டனின் தலையிலேயே இறங்கி, கடைசியில் அதில் ஓட்டை விழுந்துவிடும். இதனால்தான் "கொஞ்சம் பெரிய நொசில் போடுவோம், இழுவை நல்லா இருக்கும்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்கிறேன். பெரிய நொசில் டீசலைத்தான் கூட்டும். மிச்சம் எங்கிருந்து வரும்?

பழைய ரக இன்ஜெக்டருக்கு முழு செட்டும் வாங்க வேண்டியதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. உடல் அப்படியே இருக்க நொசில் நுனியை மட்டும் மாற்றலாம். பிறகு டெஸ்டரில் வைத்து, மெல்லிய தகட்டு வாஷர்களால் நான்கிலும் ஒரே அழுத்தத்துக்குச் சரிப்படுத்த வேண்டும். கை பம்ப் டெஸ்டர் உள்ள இடத்தில் இது அரை நாள் வேலை. பக்கத்தில் நின்று பாருங்கள். தூவல் விசிறிபோல் வருகிறதா, நுனியில் சொட்டு நிற்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். பூட்டும்போது செப்பு வாஷர்கள் புதிதாக இருக்க வேண்டும். சில ரூபாவைப் பார்த்துப் பழையதைப் போட்டால் காற்று கசியும்.

2004க்குப் பின் வந்த கே.டி.எச். வான்களின் கதை வேறு. 1கே.டி., 2கே.டி. என்ஜின்களில் இருப்பது கொமன் ரெயில் முறை. அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், ஊசியைத் திறப்பது கம்ப்யூட்டர். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் அதற்கென்று ஒரு நீண்ட குறியீடு உண்டு. அது எவ்வளவு கூட்டி அல்லது குறைத்துத் தூவும் என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். 2022இல் நாம் டீசலுக்குக் காட்டிய கியூ.ஆர். போல இதுவும் இல்லாமல் காரியம் நடக்காது. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த இன்ஜெக்டரை வாங்கி, குறியீட்டை ஏற்றாமல் பூட்டிக் கொடுத்துவிட்டால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் ஒரு சிலிண்டருக்குக் கூடவும் இன்னொன்றுக்குக் குறையவும் டீசல் போகும்.

இந்த 1கே.டி. என்ஜினில் இன்னொரு விடயமும் உலகமெங்கும் தெரிந்தது. இன்ஜெக்டருக்குக் கீழேயுள்ள செப்பு இருக்கை காலப்போக்கில் அரித்து, எரிந்த வாயு ஒயில் பக்கம் கசியும். அதன் கரி ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஒயில் அழுத்தம் விழுந்தால் என்ஜினே போய்விடும். ஆகவே இன்ஜெக்டரைக் கழற்றும் நாளிலேயே அந்த இருக்கைகளையும் மாற்றி, ஒயில் சம்பைக் கழற்றி வலையைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கொமன் ரெயிலில் எது பழுது என்று அறிய, திரும்பி வரும் டீசல் குழாய்களை நான்கு போத்தல்களில் விட்டு என்ஜினை ஓட விடுவார்கள். ஒரு போத்தல் மட்டும் வேகமாக நிரம்பினால் பழுது அங்கேதான். அந்தப் போத்தல் டீசலை நிலத்தில் ஊற்ற விடாதீர்கள். சுண்ணாம்புக்கல் நிலம் எண்ணெயைக் கிணற்றுக்குக் கொண்டுபோகும் என்பதைச் சுன்னாகத்தாருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மின் நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது.

காசைக் கொடுக்க முன் கணக்கைப் பார்ப்போம். சுன்னாகத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், போய் வர 800. லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடிய வான் 10 ஓடினால் ஒரு தடவைக்கு 9 லீற்றர் மிஞ்சும். மாதம் ஆறு தடவை என்றால் 53 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் ஏறத்தாழ 16,000 ரூபா. கராஜ்காரர் சொல்லும் தொகையை இதனால் வகுத்துப் பாருங்கள், எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்பது தெரிந்துவிடும். ஆனால் அந்த ஒரு கிலோமீற்றர் இன்ஜெக்டரால்தான் குறைந்தது என்பது முதலில் உறுதியாக வேண்டும். டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும், எயார் பில்டர் அடைத்திருந்தாலும், பிரேக் பிடித்துக்கொண்டு ஓடினாலும் இதே குறைவு வரும். இவற்றைப் பார்க்கும் செலவு சொற்பம். டாங்கை முட்ட நிரப்பி, ஒரே பாதையில் ஓடி, மீண்டும் முட்ட நிரப்பி எழுதி வையுங்கள். டிரைவரின் வாய்க்கணக்கு கணக்கல்ல.

புதியதைப் போட்ட பிறகு அதைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீரும் மண்ணெண்ணெயும்தான். 90களின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஏ40 கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. அது காபரேட்டர் என்ஜின், எதையும் சமாளித்தது. டீசல் பம்புக்கும் ஊசிக்கும் டீசலே ஒயில். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புப் போதாது. 2022இல் டீசல் 400 ரூபாவைத் தாண்டிய பிறகும் மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்தது. ஓகஸ்ட் 22ஆம் திகதி 340 ரூபாவாக்கும்வரை கலப்படக்காரருக்கு அது நல்ல லாபம். அந்த மாதங்களில் போத்தலிலும் கானிலும் வாங்கி ஓடிய வண்டி உங்களிடம் இருந்தால், டெஸ்டரில் ஒரு தடவை ஏற்றிப் பார்ப்பது வீண் செலவல்ல. பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு தடவை திறந்து விட டிரைவரிடம் சொல்லி வையுங்கள். அதற்குக் காசே தேவையில்லை.