புகைபோக்கியும் ஜூரிகளும்

2007 அக்டோபரில், இங்கிலாந்தின் கெண்ட் பிரதேசத்திலுள்ள கிங்ஸ்நார்த் அனல்மின் நிலையத்தில், 200 மீட்டர் உயரமுள்ள புகைபோக்கியின்மேல் ஏறிய கிரீன்பீஸ் தொண்டர்கள், நிலக்கரியைக் கைவிடும்படி பிரதம மந்திரி கார்டன் பிரௌனுக்கு ஒரு கோரிக்கையைப் பிரம்மாண்டமான எழுத்துக்களில் தீட்டத் தொடங்கி, அவருடைய முதற்பெயரை மட்டும் எழுதி முடித்த வேளையில் ஹைகோர்ட்டின் தடையுத்தரவு வந்து சேரவே, கீழே இறங்கினார்கள். சாயத்தை அகற்றச் சுமார் 30,000 பவுன் செலவாயிற்று. ஆறு பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது.

மறு வருஷம் மெய்ட்ஸ்டன் நியாயஸ்தலத்தில் அவர்கள் தங்கள் செய்கையை மறுக்கவில்லை. 1971ஆம் வருஷத்துச் சொத்துச் சேதச் சட்டத்தின் 5ஆவது பிரிவையே துணைக்கு அழைத்தார்கள். உடனடி ஆபத்திலிருக்கும் ஒரு சொத்தைக் காக்கும் பொருட்டு, அதற்கு இசைந்த வழி இதுவே என்று நம்பி வேறொரு சொத்தைச் சேதப்படுத்தியவனும், விவரம் முழுவதும் தெரிந்திருந்தால் உடைமைக்காரரே சம்மதித்திருப்பார் என்று நம்பியவனும் குற்றவாளிகளல்லர் என்பது அப்பிரிவின் சாரம். அந்த நம்பிக்கை நியாயமானதாகக்கூட இருக்க வேண்டியதில்லை, அந்தரங்க சுத்தியோடு கொண்டதாயிருந்தால் போதும். பக்கத்து வீடு பற்றியெரியும்போது கதவை உடைத்து உள்ளே பாய்கிறவனுக்காக ஏற்பட்ட விதி அது. நாளொன்றுக்கு 20,000 டன் கரியமில வாயுவைக் கக்கிவந்த அந்த நிலையத்தால் விளையும் நாசத்தை நாசாவின் விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் சாட்சிக் கூண்டில் நின்று விளக்கக் கேட்ட ஜூரிகள், பெரும்பான்மைத் தீர்ப்பாக ஆறு பேரையும் விடுவித்தார்கள்.

ஆயினும் ஜூரிகளின் தீர்ப்பு பிற்கால வழக்குகளைக் கட்டுப்படுத்துவதில்லை. உயர் நீதிபதிகளோ முன்பே வேறு திசையில் சென்றிருந்தார்கள். 1980களில் வேல்ஸில் அமெரிக்கக் கடற்படைத் தளத்தின் வேலியை அறுப்பதற்காக இரும்பறுக்கும் ரம்பத்தகடு வைத்திருந்த பெண்கள், அத்தளம் அகன்றால் அணுகுண்டு வீச்சிலிருந்து தங்கள் வீடுகள் தப்பும் என்று வாதித்தபோது, வேலிக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள தொடர்பு மிகத் தொலைவானது என்று அப்பீல் கோர்ட் தள்ளிவிட்டது. ஆயினும் ஷெல் கம்பெனியின் லண்டன் தலைமையகத்தைச் சேதப்படுத்திய பருவநிலைக் கிளர்ச்சிக்காரர்களுக்குச் சட்டத்தில் புகலிடமில்லை என்று நீதிபதி சொல்லியும் 2021இல் ஜூரிகள் அவர்களை விடுதலை செய்தார்கள். 2024 மார்ச்சிலோ, உடைமைக்காரரின் சம்மதம் என்ற வாதத்துக்குள் பருவநிலை மாற்றத்தைப் பற்றிய விவரங்களும் கிளர்ச்சிக்காரரின் நோக்கங்களும் புக இடமில்லை என்று அப்பீல் கோர்ட் வரையறுத்துவிட்டது.

தத்தம் கொள்கையே உலகைக் காக்கும் என்று மனப்பூர்வமாக நம்புகிற எவரும் சுத்தியலைத் தூக்கலாம் என்றாகிவிடும் என்ற நீதிபதிகளின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஒருவன் எதை நம்பினான் என்பதைப் பன்னிரண்டு பிரஜைகளின் பரிசீலனைக்கு விட்டது பார்லிமெண்டு; அவர்கள் செவிக்கு அந்த விவரங்கள் எட்டாதபடி செய்வது அப்பரிசீலனையையே பொய்யாக்குவதாகும் என்பது என் அபிப்பிராயம்.

வாதம் அடைபட்டால் எஞ்சுவது தண்டனையில் காட்டும் கருணை. மனச்சாட்சியின் பேரில் சட்டத்தை மீறுவோர் அளவோடு நடந்து தண்டனையை ஏற்க வேண்டும், நீதிபதிகளும் அவர்களுடைய நோக்கத்தைக் கருதி அடக்கத்தோடு நடக்க வேண்டும் என்று பிரபுக்கள் சபை நீதிபதியான ஹாஃப்மன் பிரபு 2006இல் எடுத்துரைத்தார். 2024 செப்டம்பரில், வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் கண்ணாடிமீது தக்காளி சூப்பை வீசி, ஓவியத்துக்கு ஊறில்லாமல் சட்டகத்தை மட்டும் சேதப்படுத்திய இரண்டு இளம் பருவநிலைக் கிளர்ச்சிக்காரர்களுக்கு விதிக்கப்பட்ட சிறைவாசம் ஒருவருக்கு இரண்டு வருஷம், மற்றவருக்கு 20 மாதம். ஹாஃப்மன் சொன்ன உடன்படிக்கையில் நீதிபதிகளின் பங்கு இதில் நிறைவேறியதாக எனக்குத் தோன்றவில்லை.